ஆட்டோ சங்கர் கதை யாருக்குச் சொந்தம்?

வேலூர்ல பாலாறு தாண்டினா காங்கேயநல்லூர். கிருபானந்த வாரியார் பிறந்த ஊர்னுதான் எல்லாரும் சொல்வாங்க. அதே ஊரில் பிறந்த இன்னொருத்தர் பேரை யாரும் பெருமையா எடுக்க மாட்டாங்க: கௌரி சங்கர், அதாவது ஆட்டோ சங்கர். ஆனா, "என்னைக் கேட்காம என் வாழ்க்கையை எழுதலாமா?" என்று கோர்ட்டில் யார் கேட்டாலும், அவர் கதையால் வந்த தீர்ப்பைத்தான் வக்கீல்கள் முதலில் எடுப்பாங்க.

ஆறு கொலைகளுக்காக 1991-ல் செங்கல்பட்டு நீதிமன்றம் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. சிறையிலேயே சுமார் 300 பக்கத்துக்குச் சுயசரிதை எழுதி மனைவியிடம் கொடுத்தார் என்பது நக்கீரன் தரப்பு வாதம். அதில் ஐஏஎஸ், ஐபிஎஸ் அதிகாரிகளோட அவருக்கு இருந்த நெருக்கமெல்லாம் இருந்ததாம். அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அதிகாரிகள் வந்ததற்கு வீடியோ கேசட்டே இருக்குன்னாங்க!

நக்கீரன் தொடராகப் போடப்போறோம்னு அறிவிச்சதும், 1994 ஜூனில் சிறைத்துறை ஐஜியிடமிருந்து கடிதம் வந்தது. சங்கர் அப்படி எதுவும் எழுதலை, நிறுத்துங்க என்று. ஆசிரியர் கோபால் நேரா உச்ச நீதிமன்றம் போனார்.

1994 அக்டோபர் 7-ல் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பை நிதானமா பாருங்க. குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு மாதிரி விஷயங்களைச் சம்மதம் இல்லாம வெளியிடக் கூடாது. உண்மையா இருந்தாலும்தான். அவதூறு வழக்கில் கைகொடுக்கிற "நான் எழுதினது நிஜம்" இங்கே செல்லாது. ஆனா கோர்ட் ஆவணம் மாதிரி பொதுப் பதிவுகளில் ஏற்கெனவே இருப்பதை யாரையும் கேட்காம எழுதலாம். அதுக்கும் ஒரு விலக்கு: பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது.

அதிகாரிகள்? தங்கள் பதவி சார்ந்த செயல்களைப் பற்றி எழுதினா அந்தரங்கம்னு ஒளிஞ்சுக்க முடியாது. பொய்னு நிரூபிச்சு, உண்மையைப் பற்றிக் கவலையே இல்லாம எழுதினாங்கன்னும் காட்டினால்தான் வழக்கு நிற்கும். அச்சுக்குப் போகும் முன்னாடியே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை. கைதியோட அந்தரங்கத்துக்காகச் சிறைத்துறை பரிஞ்சு பேசினதை, என்னால் சிரிக்காம படிக்க முடியலை.

1995 ஏப்ரல் 27, சேலம் மத்திய சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டார். அதோட அவர் அந்தரங்கமும் முடிஞ்சுதா? வேறொரு வழக்கில் பதில் வந்தது. ஜெயலலிதா பற்றிய படத்தை எதிர்த்து அவர் அண்ணன் மகள் தீபா போனபோது, இறந்தவரின் அந்தரங்க உரிமை வாரிசுக்கு வராதுன்னு 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

அப்போ சங்கர் கதையை யார் வேணும்னாலும் எடுக்கலாம். எடுத்துட்டாங்க, 2019-ல் வெப் சீரிஸாகவும் வந்தாச்சு. ஆனா கொலையானவங்க பேரும் அதே கோர்ட் ஆவணத்தில்தான் இருக்கு. அவங்க வீட்டு ஆட்கள் இன்னும் இருப்பாங்க.