6 கிகாஹெர்ட்ஸா, 96 எம்பியா?

கேமிங் கணினி அசெம்பிள் செய்ய நினைப்பவர் முதலில் கிராபிக்ஸ் கார்டைத்தான் விசாரிப்பார். நியாயம்தான், பணத்தில் பெரும்பங்கு அதற்கே போகிறது. ஆனால் கார்டைப் பின்னாளில் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். பிராசஸர் அப்படியல்ல. எந்த மதர்போர்டு, எந்த ரேம், எவ்வளவு பெரிய கூலர், எத்தனை வாட் எஸ்எம்பிஎஸ் என்று பாதிக் கணினியை அது ஒன்றே முடிவு செய்துவிடுகிறது. 2023இல் வந்த இரண்டை அருகருகே வைத்துப் பார்ப்போம்: ஏப்ரலில் வந்த ஏஎம்டியின் ரைசன் 7 7800எக்ஸ்3டி, அக்டோபரில் வந்த இன்டெலின் கோர் ஐ9-14900கே.

எண்களை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. இன்டெலில் 24 கோர். பெரியவை 8, சிறியவை 16. உச்ச வேகம் 6 கிகாஹெர்ட்ஸ். ஏஎம்டியில் 8 கோர், 5 கிகாஹெர்ட்ஸ். அறிமுக விலை முன்னதற்கு 589 டாலர், பின்னதற்கு 449. இருந்தும் பல கேம்களில் மலிவானதுதான் முந்துகிறது. முந்தாத இடத்திலும் பெரிதாகப் பின்தங்குவதில்லை.

காரணம் கேஷ், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு, அதிவேக நினைவகம். 14900கேயில் எல்3 கேஷ் 36 எம்பி. 7800எக்ஸ்3டியில் வழக்கமான 32 எம்பியின் தலைமேல் இன்னொரு 64 எம்பி சில்லை அடுக்கி, மொத்தம் 96 ஆக்கியிருக்கிறார்கள். கேம் ஓடும்போது பிராசஸர் கணக்குப் போட்டுக் களைப்பதைவிட, ரேமிலிருந்து அடுத்த தரவு வரட்டும் என்று காத்துக் கிடப்பதே அதிகம். அஞ்சறைப் பெட்டியில் எல்லாம் இருந்தால் தாளிக்கும்போது ஸ்டோர் ரூமுக்கு ஓட வேண்டியதில்லை அல்லவா? ஆயிரக்கணக்கான பொருள்களின் நிலையை ஓயாமல் கணக்கிடும் ஃபேக்டோரியோ, மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் போன்றவற்றில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். 4கே திரையில் விளையாடினால் தெரியாமலும் போகலாம்; அங்கே மூச்சு வாங்குவது கிராபிக்ஸ் கார்டுதான்.

பிளெண்டரில் ரெண்டர் செய்யும்போது கதை தலைகீழ். 24 கோரும் வேலைக்கு இறங்கினால் 8 கோர் பக்கத்தில் நிற்க முடியாது. பகலில் ரெண்டரிங், இரவில் கேம் என்பவரிடம் இன்டெல் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதற்கான விலை மின்சாரமும் சூடும். 14900கே முழுவீச்சில் 253 வாட் வரை இழுக்கலாம் என்று இன்டெலே வரையறுத்திருக்கிறது. 7800எக்ஸ்3டிக்கு அறிவித்த அளவு 120 வாட். விளையாடும்போது பெரும்பாலும் அதற்கும் வெகு கீழேதான். ஏசி இல்லாத அறையில் மே மாதம் விளையாடுகிறவருக்கு இது ஒன்றே போதுமான காரணம். ஒருவருக்குப் பெரிய லிக்விட் கூலர் தேவைப்படும் இடத்தில் இன்னொருவர் நடுத்தர ஏர் கூலரோடு சமாளித்துவிடுவார். ஏஎம்டிக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: மேலே அடுக்கிய கேஷ் சூட்டை வெளியேற விடாது. அதனால் வெப்ப வரம்பு 89 டிகிரிதான். பெருக்கியை ஏற்றி ஓவர்க்ளாக் செய்யவும் வழியில்லை.

இருவர் கையிலும் கறை உண்டு. 2023 வசந்தத்தில் சில எக்ஸ்3டி சிப்புகள் சாக்கெட்டிலேயே கருகின. எஸ்ஓசி வோல்டேஜை 1.3க்கு மேல் போகாமல் பயாஸில் பூட்டியதும் அது அடங்கியது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைச் சிக்கல் இன்னும் ஆழமானது. அளவு மீறிய வோல்டேஜால் சிப்புகள் மெல்ல மெல்லத் தளர்ந்து, கேம்கள் திடீர் திடீரென்று நின்றன. 2024இல் மைக்ரோகோடு திருத்தங்கள் வந்தன, வாரண்டியும் இரண்டு ஆண்டுகள் நீண்டது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சிப்பைத் திருத்தம் மீட்காது. ஆகவே 14900கேயை செகண்ட் ஹேண்டில் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், விலை எவ்வளவு இறங்கினாலும்.

பழைய டிடிஆர்4 ரேம் கையில் இருந்தால் இன்டெல் பக்கம் அதற்கேற்ற போர்டு கிடைக்கும். ஏஎம்5 சாக்கெட்டுக்கு டிடிஆர்5 கட்டாயம். அந்தச் சேமிப்பு அடுத்த மாற்றத்தில் கரைந்துவிடும். 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு இன்டெல் சாக்கெட்டையே மாற்றிவிட்டது. அடுத்த மாதம் ஏஎம்டி வெளியிட்ட 9800எக்ஸ்3டியோ, பயாஸைப் புதுப்பித்தால் பழைய ஏஎம்5 போர்டிலேயே உட்கார்ந்துகொள்கிறது.