கல்லாற்றில் டிவி தெரிந்த கதை

டிவியில் படம் வரவில்லை என்றால் இன்றைக்கு நாம் என்ன செய்கிறோம்? பிளக்கைப் பிடுங்கி, பத்து வரைக்கும் எண்ணி, மறுபடி சொருகுகிறோம். அதற்கும் மசியவில்லை என்றால் கஸ்டமர் கேர். அவர்களும் பிளக்கைப் பிடுங்கச் சொல்வார்கள். எண்பதுகளில் அப்படியில்லை. படம் எந்த மாதிரி கெட்டிருக்கிறது என்பதே கோளாறு எங்கே என்று சொல்லிவிடும். படிக்கத் தெரிந்திருந்தால் போதும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு வழியில்லாமல் அந்தப் படிப்பு வந்தது.

கல்லாறு என்றால் பலர் மேட்டுப்பாளையம் பழப்பண்ணையை நினைப்பார்கள். இது அது அல்ல. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா தாண்டி பொன்முடிக்குப் போகிற வழியில், 22 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே இருக்கிற கல்லாறு. ஊரும் அதுதான், ஆறும் அதுதான். கீழே போய் அது வாமனபுரம் ஆறாகிறது. மேலே தேயிலை எஸ்டேட்டுகள். வெள்ளைக்காரன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள் லயங்களில். நாங்கள் கீழே ரோட்டோரம்.

திருவனந்தபுரத்தில் தூர்தர்ஷன் 1982-ல் வந்தது. முதலில் தில்லி நிகழ்ச்சிகள்தான். மலையாள ஒளிபரப்பு 1985 ஜனவரி 1-ல் தொடங்கியது. குடப்பனக்குன்றில் நிலையம். அங்கிருந்து கல்லாறு நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நேர்கோடு என்பது மேப்பில் மட்டும்தானே! டிவி அலை வெளிச்சம் மாதிரி, நேராகப் போகும். மேட்டை ஏறி இறங்கத் தெரியாது. கல்லாறு பள்ளத்தில் இருக்கிறது. மேற்கே சின்னச் சின்னக் குன்றுகள் அலையை மறைக்கும், கிழக்கே பெரிய மலை அதைத் திருப்பி அடிக்கும்.

இதனால் எங்கள் பக்கத்து முதல் வியாதி 'கோஸ்ட்'. செய்தி வாசிக்கும் அம்மாவுக்குப் பக்கத்திலேயே மங்கலாக இன்னொரு அம்மா. மலையில் மோதி வந்த அலை கொஞ்சம் தாமதமாகச் சேருவதால் வரும் நிழல் அது. திரையில் ஒரு கோடு இடமிருந்து வலம் போக 52 மைக்ரோ செகண்ட். 20 இஞ்ச் பெட்டியில் திரை அகலம் சுமார் 40 செ.மீ. ஆக ஒரு செ.மீ.க்கு 1.3 மைக்ரோ செகண்ட். அந்த நேரத்தில் அலை 390 மீட்டர் போய்விடும். நிழல் 3 செ.மீ. தள்ளி விழுந்தால், மலைக்குப் போய் வந்த அலை ஏறக்குறைய 1.2 கி.மீ. அதிகம் சுற்றியிருக்கிறது. அதாவது பாறை உங்கள் வீட்டுக்கு நேர் பின்னால் 600 மீட்டரில். பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து மலையை அளக்கலாம்! (இதைக் கல்லூரியில் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. வாத்தியார் யாரும் டிவியை வைத்து இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது தனி வருத்தம்.) நிழல் படத்தோடு ஒட்டினாற்போல இருந்தால் மலை காரணமில்லை, ஒயர் இணைப்பில் கோளாறு.

மருந்து, ஆண்டெனாவைத் திருப்புவது. ஒருவன் கூரையில், ஒருவன் வாசலில், அம்மா டிவி முன்னால். "ஏல, இப்ப?" "போச்சு, போச்சு... அங்கேயே நிறுத்துல!" மீன்முள் மாதிரி இருக்கும் அந்த ஆண்டெனா முன்பக்கத்து அலையைப் பிடித்து, பின்பக்கத்து அலையைப் பெருமளவு தள்ளிவிடும். ஜப்பானில் உடாவும் யாகியும் 1926-ல் செய்தது. 1942-ல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பான் ராணுவம், ஆங்கிலேயர் குறிப்பேட்டில் 'யாகி' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று கைதியிடமே கேட்டதாம். தங்கள் நாட்டுக்காரர் பெயர் என்று தெரியாமல்! எங்கள் ஊரில் சில வீடுகளில் ஆண்டெனா நகரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நிற்கும். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நேர் அலையைக் குன்று மறைத்த வீடுகளுக்கு மலை திருப்பிக் கொடுத்ததே பலமாக இருந்தது, அவ்வளவுதான்.

கலர் டிவி வந்தவர்களுக்கு வேறு பயம். படம் இருக்கும், நிறம் திடீரென்று போய்விடும். "பெட்டியில கலர் தீந்துடுச்சு" என்று உண்மையாகவே சொன்னவர்கள் உண்டு. அலை பலவீனமானால் டிவிக்குள் இருக்கும் ஒரு சுற்று நிறத்தை மட்டும் நிறுத்திவிடும், தப்பு நிறம் காட்டுவதைவிடக் கருப்பு வெள்ளையே மேல் என்று. கூரை ஏறினால் கலர் திரும்பும். பூஸ்டரைப் பலர் டிவிக்குப் பின்னால் மாட்டுவார்கள். ஒயர் வழியே தேய்ந்து வந்த அலையோடு இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கி என்ன பயன்? கம்பத்தின் உச்சியில் மாட்ட வேண்டும். மழைக்காலத்தில் தட்டை ஒயர் நனைந்தால் படம் முழுக்கப் புள்ளி. காய்ந்தால் சரியாகும். கல்லாற்றில் அது எப்போது காய்வது!

படம் மேலும் கீழும் உருண்டால் பின்பக்கம் 'வெர்டிகல் ஹோல்ட்' திருகு. சாயங்காலம் மட்டும் படம் நாலு பக்கமும் சுருங்கினால் கரண்ட் வோல்டேஜ், ஸ்டெபிலைசர் வாங்க வேண்டும். ஓரத்தில் பச்சையோ ஊதாவோ படிந்தால் பக்கத்தில் ஸ்பீக்கர் காந்தம். தலையில் ஒரு தட்டுத் தட்டினால் சரியானது பொய் அல்ல. ஈரத்தில் களிம்பேறிய டியூனர் முனை, விட்டுப்போன ஈயப்பற்று, இரண்டும் அதிர்ச்சியில் கொஞ்ச நேரம் ஒட்டும். பெட்டியைத் திறப்பது மட்டும் கூடாது. கலர் பிக்சர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் நிற்கும்.

இத்தனை கற்றும் ஒரு கோளாறை யாராலும் தீர்க்க முடியவில்லை. தமிழ் வரவில்லை.

சென்னைத் தொலைக்காட்சி 1975-லேயே வந்துவிட்டது. அது எங்களுக்கு இன்னொரு கிரகம். எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் ஒளிபரப்பி வந்து தென் மாவட்டங்களுக்குச் சென்னையைக் கொடுத்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் முழு மேற்குத் தொடர்ச்சி மலை. திருநெல்வேலி, தூத்துக்குடிச் சொந்தக்காரர்கள் வந்தால் ரூபவாகினியில் தமிழ்ப்படம் பார்த்த பெருமை பேசுவார்கள். 1982 பிப்ரவரி 15-ல் ஜப்பான் உதவியோடு தொடங்கிய இலங்கைத் தொலைக்காட்சி. அதன் கோபுரம் 2,524 மீட்டர் உயர பிதுருதலாகல மலையில். கடல் மேல் வெப்பக்காற்றும் ஈரக்காற்றும் அடுக்காக நிற்கும் நாட்களில் அலை குழாயில் போவதுபோல வழுக்கி வந்து தென்கரையில் இறங்கும். எங்களுக்கு அந்தத் திசையில் 1,868 மீட்டர் அகத்தியமலை. தமிழ் தந்த முனி என்று பாட்டி சொல்லும் அதே அகத்தியர்! முப்பதடிக் கம்பம் நட்டுப் பார்த்தவர்களுக்கும் வெறும் புள்ளிமழைதான்.

ஆக லயத்துப் பிள்ளைகள் சித்ரஹாரும் சித்ரகீதமும் பார்த்து வளர்ந்தார்கள். ஞாயிறு மதியம் தில்லி போடும் மாநில மொழிப் படத்தில் எப்போதாவது தமிழ் வந்தால் கூட்டம் வீடு கொள்ளாது. தமிழ்ச் சத்தம் ரேடியோவில்தான். மத்திய அலை தரையை ஒட்டி வளையும், மலையைச் சுற்றியும் கொஞ்சம் வரும், அதனால் திருநெல்வேலி வானொலி கேட்டது. காதில் தமிழ், கண்ணில் மலையாளம். என் வயதுக்காரர்கள் பலர் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், பஸ் போர்டு படிக்கச் சொன்னால் முழிப்பார்கள். பள்ளிக்கூடம் மலையாளம், டிவியும் மலையாளம். எழுத்துக்கள் கண்ணில் படவே இல்லையே. இங்கே பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு அழைத்துப் போகும் பெற்றோரிடம் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

தீர்வு மேலேயிருந்து வந்தது. 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி, அதே ஆண்டு ஆகஸ்டில் ஏஷியாநெட். பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீட்டரில் நிற்கும் செயற்கைக்கோள் கேரளத்துக்குக் கிட்டத்தட்ட தலைக்கு மேல். எந்த மலையும் குறுக்கே வராது. லண்டனில் டிஷ் சுவரில் நெட்டுக்குத்தாக நிற்கும், ஊரில் சோற்றுச் சட்டி மாதிரி வானத்தைப் பார்த்துக் கிடக்கும். எனவே புதுக் கோளாறு: மழைத் தண்ணீரும் ரப்பர் இலையும் அதில் தேங்கும், படம் போகும். அடியில் ஒரு ஓட்டை போட்டால் தீர்ந்தது.

2022-க்குள் தூர்தர்ஷன் தன் அனலாக் ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை அணைத்துவிட்டது. டிஜிட்டலில் கோஸ்ட் கிடையாது, புள்ளிமழை கிடையாது. ஒன்று முழுப் படம், இல்லையேல் கட்டம் கட்டமாக உறைந்து 'நோ சிக்னல்'. ஒயரா, டிஷ்ஷா, பெட்டியா என்று அந்தப் பலகை ஒருபோதும் சொல்வதில்லை. பிளக்கைப் பிடுங்கிச் சொருகுவதற்கு முன்னால் ஒயர் முனைகளைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பாருங்கள். பாதி நேரம் அதுதான்.