மூலமும் நகலும்: ஒரு கருவியின் கதை

'ஸ்டார் ட்ரெக்'கில் (1966) ஆளைக் கரைத்து வேறு கிரகத்தில் எழுப்பும் கருவி வந்தது விஞ்ஞானத்தால் அல்ல. வாராவாரம் விண்கலத்தைத் தரையிறக்கிக் காட்டக் காசில்லை, அவ்வளவுதான். பிரதியின் இந்த ஓட்டையை அடைக்கும் உழைப்பை ரசிகர்கள் ஏற்றார்கள். அணுக்களே போகின்றனவா, தகவல் மட்டுமா என்று மல்லுக்கட்டினார்கள். துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாதே என்ற ஆட்சேபணைக்கு முகங்கொடுக்க, 'ஹைசன்பர்க் ஈடுசெய்யும் கருவி' என்றொன்றைத் தயாரிப்புத் தரப்பே கதைக்குள் சொருகியது.

எனக்கு உறுத்துவது வேறு. தகவல்தான் போகிறதென்றால், இங்கே நின்னவர் கதி? 1993இல் சார்லஸ் பென்னட் உள்ளிட்ட அறுவரின் குவாண்டம் கட்டுரை, துகளின் நிலை அங்கே எழும்போது மூலத்தில் அது அழிந்தாக வேண்டும் என்றது. அதே வருஷம் தொடரில் ரைக்கர் இரண்டாகிறார். இருவரும் சமமாக அசல். ஆனால் பதவியில் இருந்தவருக்கே பெயர் தங்கியது. எட்டு வருஷம் பாழ்கிரகத்தில் கிடந்தவர் நடுப்பெயரான தாமஸை எடுத்துக்கொண்டு வேறு கலத்துக்குப் போனார். அந்தக் கலத்தின் பெயர், சிரிக்காதீர்கள், காந்தி.