கண்ணும் நீர்ப்பையும்

சித்திரை வெயிலில் மதுரை மாநகரும் அதைச் சூழ்ந்த மேலூர், திருமங்கலம் சமவெளிகளும் காயும்போது நீர்க்கடுப்பு எட்டிப் பார்க்காத வீடு அரிது. சூடு பிடித்துவிட்டது என்று இளநீரும் நீர்மோரும் கொடுப்பார்கள்; பெரும்பாலும் தணிந்துவிடும். தணியாமல் மாதக்கணக்கில் நீடிக்கும் அழற்சி வேறு வகை. அதில் நீர்ப்பையின் உட்சவ்வு தன் இயல்பையே மாற்றிக்கொள்கிறது. இம்மாற்றத்தை மருத்துவம் கண்டறிந்த வரலாற்றில் நம் மதுரைக்கும் ஓரிடம் உண்டு.

உடலினுள்ளே நோக்க வழியற்ற அக்காலத்தில் ஹகீம்களுக்கு வாய்த்த சாளரங்களுள் ஒன்று சிறுநீர். தடித்த நீரோடு தவிட்டுத் துகள் போன்றவை இறங்குமாயின் நோய் நீர்ப்பையில் என்று யவன மருத்துவர் கொண்டனர். கி.பி. 1037இல் மறைந்த இப்னு சீனா தம் 'அல்கானூன்' பெருநூலில் அதனை 'ஜரபுல் மஸானா', அதாவது நீர்ப்பைச் சொறி, எனத் தனியே வைத்து ஆராய்ந்தார். நீர்ப்பைக்குச் சொறியா என்று நகைக்க வேண்டா. உட்சவ்வு செதிலாய் உதிர்கிறது என்பதை நுண்ணோக்காடி தோன்றுமுன்னரே ஊகித்த கூர்மை அது!

1877இல் ஜெர்மானிய மருத்துவர் மாக்ஸ் நிட்ஸே ஒளிக்குழலை உட்செலுத்தி நீர்ப்பையைக் கண்ணால் காண வழி செய்தார். நுண்ணோக்காடி எஞ்சியதை விளக்கிற்று. கல்லோ, தீராத கிருமித் தொற்றோ, நெடுநாள் வைத்த குழாயோ ஓயாது உறுத்தும்போது சவ்வின் அடியில் வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன; நார்த்திசு பெருகிச் சுவர் இறுகுகிறது; பை சுருங்கி அடிக்கடி நீர் பிரிகிறது. சிலவிடங்களில் வழுவழுப்பான சவ்வே புறத்தோல் போலத் தடித்து வெண்திட்டாகிவிடும். எகிப்தில் வாய்க்கால் நீரில் நின்று உழைத்த உழவர்களின் இரத்தச் சிறுநீருக்குக் காரணமான புழுவை 1851இல் கெய்ரோவில் பில்ஹார்ஸ் கண்டார். அதன் முட்டைகள் நீர்ப்பைச் சுவரில் தங்கி மூட்டும் அழற்சி இம்மாற்றத்தையும், பின்னர்ப் புற்றையும் விளைவிப்பது பிற்பாடு தெளிவாயிற்று.

உறுத்தல் இல்லாமலும் சவ்வு இவ்வாறு மாறுமோ? மாறும். உயிர்ச்சத்து 'ஏ' இல்லாத உணவு தின்ற எலிகளின் மூச்சுக்குழல், நீர்ப்பை, கண் ஆகிய மூன்றிலும் ஈரச் சவ்வு வறண்டு தோலாவதை 1925இல் அமெரிக்காவில் வோல்பாக், ஹோ இருவரும் விவரித்தனர். ஈராண்டு கழித்து நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன், அச்சத்துக் குறைந்த தானிய உணவால் எலிகளின் நீர்ப்பையில் கல் விளைவித்துக் காட்டினார். பால் சேர்த்த எலிகள் தப்பின.

நீர்ப்பையின் வறட்சியைப் பெற்ற தாயும் காணமாட்டாள். கண்ணின் வறட்சியோ முகத்திலேயே தெரியும். மதுரை எர்ஸ்கின் மருத்துவமனையில், அதாவது இன்றைய அரசு இராசாசி மருத்துவமனையில், அவ்வாறு கண் வறண்ட ஏழைக் குழந்தைகளைக் கண்டுகண்டு மனம் நொந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. 1976இல் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கியவர் இவரே. அதற்கு முன்பே அரசு மருத்துவமனையில் இக்குழந்தைகளுக்கென ஊட்ட உணவு மையம் ஒன்றை அமைத்தார். மருந்தோடு நில்லாமல், எளிய விலையில் சத்துள்ள உணவு சமைத்தூட்டவும் அங்கே தாய்மாருக்குக் கற்பித்தார்கள்.