சோழவரத்தில் காத்திருந்த விமானங்கள்: 1944இல் சென்னைக் கரையும் இரு பியூஃபைட்டர் ஸ்குவாட்ரன்களும்

1. சிக்கல்

போர் விமான ஸ்குவாட்ரன்களின் வரலாறு பெரும்பாலும் சண்டைகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எத்தனை விமானங்களை வீழ்த்தினார்கள், எத்தனை கப்பல்களை மூழ்கடித்தார்கள், எத்தனை பேரை இழந்தார்கள் என்பவையே அதில் இடம்பெறும். சண்டை நடக்காத மாதங்கள் இடமாற்றப் பட்டியலில் ஒரு வரியோடு முடிந்துவிடும். பிரிட்டிஷ் விமானப்படையின் 27, 47ஆம் ஸ்குவாட்ரன்கள் 1944இல் சோழவரத்தில் இருந்த காலத்துக்கும் அதே கதிதான்.

அந்த ஆண்டின் மார்ச் தொடங்கிச் சுமார் ஆறு மாதம் இவ்விரு ஸ்குவாட்ரன்களும், கப்பல்களைத் தாக்குவதற்கென உருவாக்கப்பட்ட ஒரே விங்காக (ஸ்குவாட்ரன்களின் கூட்டுப் பிரிவாக) இங்கே நிறுத்தி வைக்கப்பட்டன. தாக்குவதற்குக் கப்பல்கள் அகப்படவில்லை. ஆண்டின் பிற்பகுதியில் விங் கலைந்தது. இதை வீணான இடைவெளி என்று ஒதுக்குவதை இக்கட்டுரை ஏற்கவில்லை. சோழவரத்தில் நிறுத்தியது திட்டமிட்ட ஒரு போர் முடிவு. மார்ச்சில் அதற்கு நியாயம் இருந்தது. ஜூன் இறுதிக்குப் பின் இல்லை. இதுவே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

2. களம்

இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள சோழவரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. சென்னையிலிருந்து செங்குன்றம் வழியே வடக்கே செல்லும் கல்கத்தா நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுச் செல்கிறது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியே ஆந்திரத்துக்குப் போகும் ரயில் பாதையும் தொலைவில் இல்லை. சமதளமான நிலம், பக்கத்திலேயே சென்னைத் துறைமுகம். எரிபொருளையும் குண்டுகளையும் கொண்டுவந்து சேர்க்க இதைவிட வசதியான இடம் வட சென்னைக் கரையில் கிடைப்பது அரிது.

இந்த வட்டாரம் அப்போதே விமானப் போருக்குப் பழகியிருந்தது. 1942 ஜூலையிலிருந்து 240ஆம் ஸ்குவாட்ரனின் கேடலினா கடல் விமானங்கள், சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரியிலேயே இறங்கி ஏறின. அந்த நீண்டதூரக் கண்காணிப்பு விமானங்களால் எதிரிக் கப்பலைக் கண்டுபிடிக்க முடியும். போர்க்கப்பலை எதிர்த்துத் தாக்கும் வலு அவற்றுக்குக் கிடையாது. புழல் கண்ணாக இருந்தது. கைதான் இல்லை. சோழவரத்தின் தேவையை இந்த இடைவெளியிலிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும்.

3. இரு வேறு அனுபவங்கள்

யானையைச் சின்னமாகக் கொண்ட 27ஆம் ஸ்குவாட்ரன், 1920களிலிருந்து வடமேற்கு எல்லையில் பணியாற்றியது. மலாயா, சிங்கப்பூர் வீழ்ச்சியில் பிளென்ஹைம் விமானங்களோடு சிதைந்துபோய், 1942 செப்டம்பரில் பியூஃபைட்டர் ஸ்குவாட்ரனாக மீண்டும் உருவாயிற்று. அடுத்த ஆண்டின் பெரும்பகுதியும் அகர்தலாவிலிருந்து பர்மாவுக்குள் பறந்து ரயில் என்ஜின்களையும் ஆற்றுப் படகுகளையும் தாழப் பறந்து தாக்குவதே அதன் வேலை. 1943 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு அதற்குத் தலைமை ஏற்றவர் ஜேம்ஸ் நிக்கல்சன். 1940 ஆகஸ்டில் சவுத்தாம்ப்டன் அருகே, எரியும் ஹரிக்கேன் விமானத்தை விட்டுக் குதிக்காமல் எதிரியைச் சுட்டதற்காக விக்டோரியா கிராஸ் பெற்றவர். பிரிட்டிஷ் போர் விமானக் கட்டளைப் பிரிவில் அவ்விருதைப் பெற்ற ஒரே விமானி. அப்படிப்பட்டவரின் தலைமையில் இருந்த ஸ்குவாட்ரனை ஒரு மூலையில் சும்மா உட்கார வைக்க யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

47ஆம் ஸ்குவாட்ரன் மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது. 1943இல் அது பியூஃபைட்டரில் டார்பிடோவைத் தொங்கவிட்டுக் கப்பல்களை வேட்டையாடிப் பழகியிருந்தது.

பியூஃபைட்டர் இரண்டு பேர் செல்லும் இரட்டை என்ஜின் விமானம். மூக்கின் அடியில் நான்கு 20 மி.மீ. பீரங்கிகள். தேவைக்கேற்ப ராக்கெட்டுகளையோ ஒரு டார்பிடோவையோ சுமக்கும். டார்பிடோ போட வரும் விமானம் கடல்மட்டத்தை ஒட்டி, வேகத்தைக் குறைத்து, நேர்கோட்டில் பறந்தாக வேண்டும். கப்பலின் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளுக்கு அதைவிட எளிய இலக்கு கிடையாது. ஆகவே வேறு சில விமானங்கள் முன்னே பாய்ந்து, மேல்தளத்தைச் சுட்டு அத்துப்பாக்கிகளை அடக்க வேண்டும். அந்தச் சில நொடிகளுக்குள் டார்பிடோ விமானங்கள் வந்துவிட வேண்டும். 1942 இறுதியில் இங்கிலாந்தின் நார்த் கோட்ஸ் தளத்தில் உருவான கூட்டுத் தாக்குதல் முறை இதுதான். 27இன் தாழ்பறப்பு அனுபவத்தையும் 47இன் டார்பிடோ அனுபவத்தையும் சோழவரத்தில் ஒன்றாக வைத்ததற்கு இந்த முறையே மிகப் பொருத்தமான விளக்கம்.

4. ஏன் 1944 மார்ச்?

1942 ஏப்ரலின் நினைவு சென்னையில் அப்போதும் ஆறவில்லை. அம்மாதம் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னையிலிருந்து மக்கள் பெருந்திரளாக வெளியேறினர். பிறகு பசிபிக் போர் ஜப்பானியக் கடற்படையைக் கிழக்கே இழுத்துக்கொண்டதால் வங்கக் கடல் ஓரளவு அமைதி கண்டது.

1944 பிப்ரவரியில் நிலைமை மாறியது. பசிபிக்கில் ஜப்பானியக் கடற்படைத் தளமாக இருந்த டிரக் தீவில் அமெரிக்கத் தாக்குதல் நெருங்கியதும் ஜப்பானியப் பிரதானக் கடற்படையின் பெரும்பகுதி சிங்கப்பூர், லிங்கா பகுதிக்கு வந்து சேர்ந்தது. மார்ச் 9 அன்று ஜப்பானியக் குரூசர் ‘டோனே’ இந்தியப் பெருங்கடலில் ‘பெகார்’ என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. இலங்கையிலிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தலைமைக்கு 1942 மீண்டும் வருமோ என்ற கவலை எழுந்தது இயல்பே. இரு ஸ்குவாட்ரன்களும் சோழவரத்துக்கு நகர்ந்தது இதே வாரங்களில்தான். காலப் பொருத்தத்தையே காரணமாகக் கொள்ளக் கூடாது என்பது உண்மை. ஆனால் அடுத்து வரும் தூரக் கணக்கும் அதையே சுட்டுகிறது.

5. தூரம் சொல்லும் செய்தி

டார்பிடோ சுமந்த பியூஃபைட்டர் ஒரே மூச்சில் பறக்கக்கூடிய தூரம் ஏறத்தாழ 2,400 கி.மீ. போக வர என்று பிரித்து, தேடவும் தாக்கவும் எரிபொருளை ஒதுக்கினால் 1,000 கி.மீ.க்கு அப்பால் செல்வது ஆபத்து. ஜப்பானியர் வசமிருந்த போர்ட் பிளேர் சென்னையிலிருந்து சுமார் 1,370 கி.மீ. அந்தமானுக்கும் பர்மாவுக்கும் இடையே ஓடிய எதிரிச் சரக்குக் கப்பல்கள் சோழவரத்தின் கைக்கு எட்டவே எட்டாது. அவற்றை அழிப்பதுதான் நோக்கமென்றால் வங்காளக் கரையில் தளம் தேடியிருப்பார்கள்.

எனவே இந்த விங்கின் இலக்கு வேறு: சென்னையையோ இலங்கைக்கு வடக்கிலுள்ள கடல்வழியையோ நாடி வரும் போர்க்கப்பல். எதிரி வந்தால் மட்டுமே வேலை. வராவிட்டால் காத்திருப்பே வேலை. இத்தகைய படையை, அது மூழ்கடித்த கப்பல்களின் எண்ணிக்கையால் அளப்பது பொருந்தாது.

6. கொடுத்த விலை

மார்ச் இரண்டாவது வாரத்தில் ஜப்பானின் 15ஆம் ராணுவம் சிந்த்வின் ஆற்றைக் கடந்து இம்பாலை நோக்கி நகர்ந்தது. கோஹிமாவிலும் இம்பாலிலும் பர்மா போரின் மிகக் கடுமையான சண்டை மூண்டது. ஜப்பானியருக்கு உணவும் வெடிமருந்தும் கொண்டுசென்ற படகுகளையும் லாரிகளையும் தாக்குவதில் கைதேர்ந்த 27ஆம் ஸ்குவாட்ரன், அதே மாதங்களில் வங்கக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. சோழவரத்தின் உண்மையான விலை இதுதான்.

ஜூன் 19, 20 தேதிகளில் பிலிப்பைன் கடல் போரில் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானப்படை நொறுங்கியது. ஜூன் 22 அன்று கோஹிமா–இம்பால் சாலை மீண்டும் திறந்தது. சென்னைக் கரைக்கு இருந்த ஆபத்தும், வடகிழக்கில் இருந்த மிக அவசரமான தேவையும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் தணிந்தன. அதன்பின் சோழவரத்தில் காத்திருக்கக் காரணம் மிச்சமில்லை. சிந்த்வினை நோக்கிப் பின்வாங்கிய ஜப்பானியரைத் துரத்தும் பணியோ மழைக்காலத்திலும் நடந்துகொண்டிருந்தது. விங்கைக் கலைப்பதில் காட்டிய தாமதம், அதை அமைத்ததைவிடக் குறை சொல்லத்தக்கது.

7. இரண்டு மறுப்புகள்

ஓராண்டுக்கும் மேலாகப் போர்முனையில் களைத்த 27க்கு ஓய்வு தரவே இந்த இடமாற்றம் என்று வாதிடலாம். ஓய்வின் தேவையை மறுப்பதற்கில்லை. ஆனால் ஓய்வு மட்டுமே நோக்கமெனில், மத்தியதரைக் கடலிலிருந்து ஒரு டார்பிடோ ஸ்குவாட்ரனைக் கொண்டுவந்து அதோடு இணைத்திருக்க வேண்டியதில்லை.

லிங்காவுக்கு ஜப்பானியக் கடற்படை வந்தது இந்தியாவைத் தாக்க அல்ல, சுமத்ரா, போர்னியோ எண்ணெய்க்கு அருகில் இருக்கத்தான். ஆகவே அச்சமே பிழை என்பது இரண்டாவது மறுப்பு. அந்தக் காரணம் இன்று தெளிவாகத் தெரிகிறது. எனினும் எண்ணெய்க்காக வந்த கடற்படைக்கும் இந்தியப் பெருங்கடல் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ‘பெகார்’ அதற்குச் சான்று.

8. முடிவும் பின்விளைவும்

அக்டோபரில் 47 பெங்களூருக்கு அருகிலுள்ள எலகங்காவுக்குச் சென்று மாஸ்கிட்டோ விமானங்களைப் பெற்றது. அவற்றின் மரக்கட்டுமானத்தில் ஒட்டுகள் விட்டுப்போவது தெரியவர, சில மாதங்கள் மறுபடியும் பியூஃபைட்டருக்கே திரும்ப நேர்ந்தது. 27 பர்மா களத்துக்குத் திரும்பியது. நிக்கல்சன் 1945 மே 2 அன்று, பார்வையாளராகச் சென்ற லிபரேட்டர் விமானம் வங்கக் கடலில் விழுந்ததில் உயிரிழந்தார். சோழவரத்தின் ஓடுபாதை போருக்குப் பின் ராணுவத்தின் வசமே இருந்தது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதை வரும்வரை பல பத்தாண்டுகள் அங்கேதான் சென்னையின் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. கும்மிடிப்பூண்டி வரை தொழிற்சாலைகள் நிறைந்த இச்சாலையில் பந்தயத்திடலாக அறியப்பட்ட ஊரைப் போர்க்கால விமானத்தளமாக நினைப்போர் குறைவு.

ஸ்குவாட்ரன் வரலாற்றை எழுதுவோர் ஒவ்வொரு தளத்தைப் பற்றியும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: அங்கிருந்து எதை எட்ட முடிந்தது, எது வரும் என்று எதிர்பார்த்தார்கள், அதற்காக வேறு எந்தக் களத்தைக் கைவிட்டார்கள். வெற்றிப் பட்டியல் இவற்றில் ஒன்றுக்கும் பதில் தராது. தமிழகத்தில் கயத்தாறு, உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு எனப் போர்க்கால ஓடுபாதைகள் பல இருக்கின்றன. அவற்றையும் இதே கேள்விகளோடு அணுகினால், இரண்டாம் உலகப் போரில் தமிழகம் வெறும் பின்புலமாக இருந்தது என்ற எண்ணத்தைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.