குட்வில்: ரசீது இல்லாத ஒரு சொத்தின் கதை

சென்னையில் கடை வாடகைக்கு எடுத்திருக்கும் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் "11 மாச அக்ரிமென்ட்தான் சார்" என்பார். அதே மூச்சில் "அப்பா காலத்துலேர்ந்து இங்கதான் இருக்கோம்" என்றும் சொல்வார். 11 மாதக் காகிதத்தில் 50 வருஷம் எப்படி ஓட்ட முடிந்தது என்ற கேள்வி ரொம்ப நாளாக எனக்குள் இருந்தது. அதைத் தேடிப் போனதில் பழைய சட்டப் புத்தகங்களும் ஏகப்பட்ட தீர்ப்புகளும் கைக்கு வந்தன. அவற்றிலிருந்து எடுத்த குறிப்புகள்தான் இவை.

11 என்ற எண்ணுக்கான காரணம் எளிது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு என்றால் முத்திரைத்தாள், கட்டணம், சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருப்பு. ஒரு மாதத்தைக் குறைத்துப் போட்டால் இதெல்லாம் இல்லை. அதே சட்டம் மாத வாடகைக்காரரை 15 நாள் நோட்டீஸில் வெளியேற்றலாம் என்றும் சொன்னது. வெள்ளைக்காரன் காலத்துச் சென்னையில் ஒரு கடைக்காரருக்கு இருந்த பாதுகாப்பு அந்த 15 நாள்தான். தெரு முழுக்க வாடிக்கை பிடித்து வைத்திருந்தாலும், உரிமையாளர் மனசு மாறினால் அடுத்த மாதம் மூட்டை கட்ட வேண்டும்.

முதல் மாற்றம் கடை வழியாக வரவில்லை, மண் வழியாக வந்தது. ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கமெல்லாம் அடிமனை வாடகை என்று ஒன்று உண்டு. மண் ஒருவருடையது, அதன் மேல் எழும்பிய கட்டடம் இன்னொருவருடையது. முதல் உலகப் போருக்குப் பிறகு மனை விலை ஏறியதும், மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் "கட்டடத்தைப் பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போ" என்று கிளம்பினார்கள். அதைத் தடுக்க வந்ததுதான் 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். அதன் முகவுரையில் ஒரு சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். நியாயமான வாடகை கொடுத்துக்கொண்டிருக்கும் வரை வெளியேற்ற மாட்டார்கள் என்ற 'நம்பிக்கையில்' கட்டியவர்களைக் காக்க இந்தச் சட்டம் என்கிறது. பத்திரத்தில் இல்லாத நம்பிக்கையை ஒரு சட்டம் உரிமையாக ஏற்றுக்கொண்டது. அதோடு நிற்காமல், நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலையைக் கொடுத்து அந்த மனையையே வாங்கிக்கொள்ளும் உரிமையையும் (9-ஆம் பிரிவு) குடியிருப்பவருக்குத் தந்தது.

ஆனால் இது மனைக்கு. கட்டடத்தோடு கடையை வாடகைக்கு எடுத்தவருக்கு அடுத்த போர் வர வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் சென்னை மாகாண அரசு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணைகளைப் போட்டது. வீடுகளோடு, வியாபாரம் நடக்கும் கட்டடங்களும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. போர் முடிந்தது, ஆணை முடியவில்லை. 1946-இல் சட்டமானது, 1949-இல் புதுச் சட்டமானது, 1960-இல் மறுபடி எழுதப்பட்டது. 1949 சட்டத்தில் நியாய வாடகைக்கு அடிப்படை என்ன தெரியுமா? 1940 ஏப்ரல் 1-க்கு முந்தைய 12 மாதங்களில் அந்த வட்டாரத்தில் நிலவிய வாடகை. அதன் மேல் இவ்வளவு சதவீதம் கூட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அரிசி விலை, கூலி, வரி எல்லாம் ஏறியது. வாடகை மட்டும் போருக்கு முந்தைய காலத்தில் கால் ஊன்றி நின்றது.

1960 சட்டம் உரிமையாளர் எந்தெந்தக் காரணத்துக்குக் காலி செய்யச் சொல்லலாம் என்று பட்டியல் போட்டது. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தால், அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டால், காரணமில்லாமல் தொடர்ந்து நாலு மாதம் பூட்டிப் போட்டால், சொந்த வியாபாரத்துக்கு உண்மையாகவே தேவைப்பட்டால், இடித்துக் கட்டுவதாக இருந்தால், இப்படி. பட்டியலுக்கு வெளியே காரணம் கிடையாது. ஒப்பந்தத்தின் 11 மாதம் முடிந்தது என்பது ஒரு காரணமே இல்லை! நான் தேடிய விடை இதில்தான் இருந்தது. காகிதம் செத்தாலும் வாடகைதாரர் சாகமாட்டார்.

பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு தரப்பும் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். சிலர் வாடகையை வாங்காமலே இருந்துவிட்டு, பிறகு பாக்கி என்று வழக்குப் போடுவார்கள். சட்டம் அதற்கும் வழி சொன்னது. வாடகைதாரர் "எந்த வங்கியில் கட்டட்டும்?" என்று எழுத்தில் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் கமிஷனைக் கழித்துக்கொண்டு மணியார்டர் அனுப்ப வேண்டும். அதையும் மறுத்தால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கட்டலாம். பழைய கடைக்காரர்கள் 'மறுக்கப்பட்டது' என்று தபால்காரர் எழுதிய மணியார்டர் துண்டுகளைக் கல்லாப்பெட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தது இதனால்தான். நாலு மாத விதிக்கும் மாற்று உண்டு. வியாபாரம் படுத்துப்போன கடையில்கூட காலையில் ஒரு பெரியவர் ஷட்டரைத் தூக்கி, ஊதுபத்தி கொளுத்தி, பேப்பர் படித்துவிட்டு மதியம் இறக்கிவிட்டுப் போவார். எதிர்த் தரப்பு வக்கீல் மின்சாரக் கணக்கைக் காட்டி, "யூனிட்டே ஓடலையே, இங்க என்ன வியாபாரம் நடந்துது?" என்பார்.

உள்வாடகைக்கு எதிரான தந்திரம் இதைவிடச் சுவாரசியம். கடையை இன்னொருவருக்கு விட்டால்தானே தப்பு? அவரைக் கூட்டாளி ஆக்கிவிட்டால்? ஒரு பங்குதாரர் பத்திரம் எழுதப்படும். புதியவர் கடையை முழுக்க நடத்துவார், பழையவருக்கு மாதாமாதம் 'லாபப் பங்கு' என்று மாறாத ஒரு தொகை போகும். நஷ்டம் வந்தாலும் மாறாத லாபம்! அந்தக் கூட்டு நிஜமா, வேஷமா என்று பிரித்துப் பார்ப்பதிலேயே நீதிமன்றங்களுக்குப் பல வருஷம் போயிருக்கிறது.

இனி குட்வில். சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வாடகைக்கு மேல் வேறு தொகை எதையும் உரிமையாளர் வாங்கக் கூடாது, அட்வான்ஸ் ஒரு மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றது. ஊரில் நடந்ததோ பத்து மாத அட்வான்ஸ். 1996-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், அதிகப்படி அட்வான்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வாடகைதாரரைப் பாக்கிக்காரர் என்று சொல்ல முடியாது என உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் அட்வான்ஸாவது திரும்பி வரும் பணம். குட்வில் அப்படியல்ல. சந்தையில் 2,000 ரூபாய் போகக்கூடிய கடைக்கு ஒருவர் 100 ரூபாய் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்றால், அந்த 1,900 ரூபாய் மாதாமாதம் அவர் பையில் மிஞ்சுகிறது. அவர் கடையை விட்டுப் போக வேண்டுமானால் அந்த மிச்சத்துக்கு ஒரு விலை வேண்டும். புதிதாக வருபவர் கொடுப்பார். ரசீது கிடையாது. உரிமையாளர் பேரை மாற்றி எழுதச் சம்மதிப்பதற்கு அதில் ஒரு பங்கு. அதற்கும் ரசீது கிடையாது. சௌகார்பேட்டைப் பக்கம் இதைப் பகடி என்பார்கள். அவர்கள் மொழியில் அது தலைப்பாகை. தமிழில் பகடி என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

என் பெரியப்பா பாரிமுனைக்குப் பக்கத்துச் சந்தொன்றில் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு ஸ்டேஷனரி கடையை எடுத்தது இந்த முறையில்தான். எழுபதுகளின் கடைசியில், பெரியம்மாவின் நகையில் பெரும்பகுதி அதற்குள் போனது. "வீடு வாங்கியிருக்கலாமேடா" என்று பெரியம்மா கடைசி வரை சொல்வார். பெரியப்பாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. கடையை அவர் தன் சொத்து என்றே நினைத்தார். பெண்ணுக்குச் சீதனம் பேசும்போதுகூட "கடை இருக்கு" என்றுதான் ஆரம்பித்தார். சட்டத்தின் கண்ணில் அவரிடம் இருந்தது ஒரு மாத வாடகைச் சீட்டு மட்டும்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் போகக் கூடாது. அதே சந்தில் கட்டடச் சொந்தக்காரர்களில் பலர் பணக்காரர்கள் இல்லை. தாத்தா கட்டிய கட்டடம், ஏழு எட்டு வாரிசு, மொத்த வாடகையும் சொத்து வரிக்கே பத்தாது. ஓடு ஒழுகினால் யார் மாற்றுவது? அதனால் கட்டடம் இடிந்து விழட்டும் என்று விட்டார்கள். நம் பழைய கடைத்தெருக்கள் ஏன் இவ்வளவு பாழாய்க் கிடக்கின்றன என்பதற்கு என் கணிப்பில் பாதிக் காரணம் இதுதான். 'இடித்துக் கட்டப் போகிறேன்' என்பது உரிமையாளர் கையில் இருந்த ஒரே நல்ல ஆயுதம். அதற்கும் ஒரு மாதத்தில் இடிக்கத் தொடங்குவேன், மூன்று மாதத்தில் முடிப்பேன் என்று உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும்.

1973-இல் ஒரு திருத்தம் வந்தது. 1940-ஐ ஒருவழியாக விட்டுவிட்டு, நியாய வாடகையை மனையின் சந்தை விலையோடும் கட்டுமானச் செலவோடும் கட்டிப்போட்டது. வீட்டுக்கு மொத்த மதிப்பில் வருஷத்துக்கு 9 சதவீதம், கடைக்கு 12 சதவீதம். அன்றைக்கு இது பெரிதாகத் தெரிந்திருக்காது. மனை விலை பறக்கத் தொடங்கிய பிறகுதான் இதன் பல் தெரிந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 சதுர அடி தரைத்தளக் கடை. மேலே மாடி இல்லை. மனை சதுர அடி 5,000 ரூபாய் என்றால் 6 லட்சம். தேய்மானம் போகக் கட்டடம் ஒரு லட்சம் என்று வைப்போம். 7 லட்சத்தில் 12 சதவீதம் 84,000. மாதம் 7,000 ரூபாய். முந்தின மாதம் வரை 200 கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு! வாடகைதாரரைக் காக்க வந்த சட்டத்தை வைத்தே அவரைக் காலி செய்ய வைக்கலாம் என்று தொண்ணூறுகளில் உரிமையாளர்கள் கண்டுகொண்டார்கள். அதன் பின் ஒரு கிரவுண்டு என்ன விலை என்பதுதான் வழக்கே. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பொறியாளர், ஆளுக்கொரு கிரயப் பத்திரம்.

சட்டத்தில் இன்னொரு விசித்திரம். 400 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுக்கும் வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு இல்லை, ஆனால் எத்தனை ஆயிரம் கொடுக்கும் கடைக்கும் உண்டு. இந்தப் பாகுபாடு செல்லாது என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை நீக்கியது. கோவில் கடைக்காரர்கள் கதையோ தலைகீழ். 1976-இல் ஓர் அரசாணை எல்லா மதங்களின் பொது அறக்கட்டளைக் கட்டடங்களையும் இந்தச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டது. 1985-இல் உச்ச நீதிமன்றமும் அது சரி என்றது. தேரடியிலோ சன்னதித் தெருவிலோ அறநிலையத்துறைக் கடை வைத்திருப்பவருக்கும், எதிர்ச் சாரியில் தனியார் கட்டடத்தில் இருப்பவருக்கும் சட்டப்படி மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். வாடிக்கையாளருக்கு இரண்டிலும் ஒரே குங்குமம்தான்.

மால்களில் இந்தச் சண்டை எதுவும் இல்லை. அங்கே வாடகையே வேறு மொழி பேசுகிறது. குறைந்தபட்ச வாடகை அல்லது விற்பனையில் இத்தனை சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. பராமரிப்புக் கட்டணம் தனி. இத்தனை வருஷம் வெளியேறக் கூடாது என்ற லாக்-இன். நடைபாதையில் பாதி, லிப்டில் கொஞ்சம் சேர்த்து அளந்த சதுர அடிக்கு வாடகை. கடைக்குள் வைத்து அளந்தால் அந்த அடி வராது. வேளச்சேரி, மேடவாக்கம், பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் புதிதாக எழும்பும் சின்ன வணிக வளாகங்களும் இதே வார்த்தைகளைக் கற்றுக்கொண்டுவிட்டன. அங்கே குட்வில் கிடையாது. வாடகையே சந்தை விலை என்னும்போது விற்க மிச்சம் ஏது?

2017-இல் தமிழ்நாடு புதுச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1960 சட்டம் ஒழிந்தது. நியாய வாடகை என்ற சொல்லே போய்விட்டது, பேசிக்கொண்டதுதான் வாடகை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 11 மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். டெபாசிட் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. கூடவே 'வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்றும் சேர்த்துக்கொள்கிறது! வாடகை விஷயத்தில் இரு தரப்புக்கும் ஒத்துவராவிட்டால் அதுவே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். 11 மாதம் என்றால் இப்போது 11 மாதம்தான்.

இதை நான் மொத்தமாகக் குறை சொல்ல மாட்டேன். புதிதாகக் கடை வைக்க வரும் ஒரு பையனுக்கு, நகையை விற்றுக் குட்வில் கொடுப்பதைவிட மூன்று மாத டெபாசிட் எவ்வளவோ மேல். என் வருத்தம் நடுவில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி. 1921-இல் நம்பிக்கைக்கு மதிப்புக் கொடுத்து மனையை வாங்கும் வழி வைத்தவர்கள் இருந்தார்கள். 2019-இல் குட்வில் கொடுத்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. எப்படி இருக்கும்? 1960 முதலே அது சட்டத்துக்குத் தெரியாத பணம்.

பெரியப்பா 2011-இல் போய்விட்டார். அண்ணன் அந்தக் கடையில் இப்போது ஜெராக்ஸும் மொபைல் ரீசார்ஜும் சேர்த்து நடத்துகிறார். 2020-இல் புது ஒப்பந்தம் எழுதினார்கள். வாடகை 14,000, மூன்று வருஷத்துக்கொருமுறை 15 சதவீதம் ஏற்றம். கையெழுத்துப் போடுவதற்கு முன் அண்ணன், நகை விற்றுக் கொடுத்த பணத்தைப் பற்றி உரிமையாளரின் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்திருக்கிறார். அவர் மரியாதையாகவே கேட்டாராம். "எங்க அப்பா கணக்குல அப்படி ஒண்ணும் இல்லையேண்ணே" என்றாராம். இருக்காதுதான்.