ஸ்தோலா அணியும் மன்றாட்டின் உரை

உரோமை வழிபாட்டு மரபில், குருவானவர் திருப்பலிக்குமுன் திருவுடைகளை அணியுங்கால் ஒவ்வோர் உடைக்கும் ஒரு குறுமன்றாட்டு உண்டு. திருத்தந்தை ஐந்தாம் பயஸ் 1570இல் வெளியிட்ட திருப்பலி நூலில் இவை இடம்பெற்றன. தலைத்துகில் மீட்பின் தலைச்சீராவையும், வெள்ளங்கி ஆட்டுக்குட்டியின் இரத்தத்தில் வெளுத்தலையும், இடைக்கச்சு தூய்மையையும் உணர்த்தும், அவை வெளிப்படை. ஸ்தோலாவின் மன்றாட்டோ சிறிதாயினும் ஆழமுடைத்து. ஆகலின் அதனையே ஈண்டு விரிக்கின்றாம். அது நான்கு கூறுபட நிற்கும்.

முதற்கூறு, சாவாமையாகிய ஆடையை ஆண்டவரிடம் வேண்டுவது. 'தருக' என்னாது 'மீளத் தருக' என்னும் பொருள்பட வேண்டியமையின், அது புதிதாய்ப் பெறும் பேறன்று, முன்னரே உரியதாய் இருந்தது என்பது பெறப்படும்.

ஸ்தோலாவாவது கழுத்தின் பின்னே இட்டு இரு தோள்வழியும் முன்னே தாழவிடும் நெடும்பட்டை. மெய்யை மறையாத பட்டையை ஆடை எனல் பொருந்துமோ எனின், பொருந்தும். என்னை? பண்டு இதற்கு ஒராரியம் என்று பெயர். 633இல் கூடிய நான்காம் தொலேதோ சங்கம், திருத்தொண்டர் இதனை இடத்தோளில் ஒன்றே அணிக என விதித்தபொழுதும் அப்பெயரே வழங்கிற்று. ஸ்தோலா என்னும் சொல் இலத்தீனில் நீண்டு தாழும் முழு அங்கிக்கு உரியது. பட்டைக்குப் பின்னரே ஆயிற்று. மன்றாட்டு அப்பழம்பொருளைத் தழுவிற்று என்க.

இரண்டாங்கூறு, முதற்பெற்றோனாகிய ஆதாமின் மீறுதலால் அவ்வாடை போயிற்று என்பது. 'இழந்தான்' எனப் படர்க்கையாற் கூறாது 'இழந்தேன்' எனத் தன்மை ஒருமையாற் கூறியதை மாணாக்கன் உற்று நோக்குக. மீறினவன் ஆதாம், இழந்தவன் யான் என்பது கருத்து. ஏதேனில் வினவப்பட்ட ஆதாம், கனியைத் தந்தவள் இவள் என மனைவியைச் சுட்டினான். பிறர்மேற் பழியேற்றிய அவன் மறுமொழிக்கு இவ்வொருமைச் சொல் நேர்மாறாய் நின்று கழுவாய் ஆகின்றது. இதனினும் அரிய இடம் இம்மன்றாட்டில் இல்லை.

இழந்த ஆடை யாது எனின், அருள். நான்காம் நூற்றாண்டிற் சிரிய மொழியிற் பாடிய புனித எப்ரேம், வீழ்ச்சிக்குமுன் மாந்தர் மாட்சியின் ஆடை உடுத்திருந்தனர் என்பர். அத்தியிலையும் தோலாடையும் அதனை இழந்தபின் வந்தவை.

மூன்றாங்கூறு, தகுதியிலன் ஆயினும் தூய மறைபொருளை அணுகுகின்றமை கூறும். மறைபொருளாவது திருப்பலி. தகுதியின்மை உணர்ந்தோன் விலகி நிற்றலன்றோ முறை எனின், அற்றன்று. அணுகுதல் நிகழ்காலத்தாற் கூறப்பட்டது. தகுதி வந்தபின் அணுகுவேன் என்று காலம் தாழ்த்தியதில்லை. விலகி நிற்பின் ஆடையும் வாராது.

நான்காங்கூறு, முடிவிலா மகிழ்ச்சிக்கு உரியனாகுக என்னும் வேண்டுதல். தகுதியிலன் என்றவன் உரியனாகுக என்றல் முரணன்றோ எனின், முரணன்று. தன்னிடத்து இல்லாததையே வேண்டினான் ஆகலின்.

இனி, நான்கு கூறும் சேர்ந்து தரும் குறிப்புப் பொருள் காண்க. இழப்பு, ஆடை, தகுதியின்மை, மகிழ்ச்சி ஆகிய நான்கும் லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்து ஊதாரி மகன் உவமையில் உள்ளவை. காணாமற்போன இளையவன் மீண்டு, மகன் எனப்படத் தகேன் என்றான். தந்தை முதல்தரமான ஆடையைக் கொணர்வித்தான். வீட்டில் மகிழ்ச்சி உண்டாயிற்று. அவ்வாடையை இலத்தீன் வுல்காத்தா பெயர்ப்பு ஸ்தோலா என்றே சொல்லும். ஆகலின் பலிபீடத்தை அணுகும் குரு, மக்களுக்குமுன் தலைவனாய் நிற்பினும், தந்தைமுன் மீண்டுவந்த இளைய மகனே ஆவான்.

அற்றேல், அவ்விளையவன் ஆடை கேட்டிலன், கூலியாளாய் இருக்கவே எண்ணினான். குரு கேட்பது என்னை? அவன் தந்தையின் உள்ளம் அறியாது வந்தான். இவன் அவ்வுவமையைக் கேட்டறிந்து வருகின்றான். அறிந்தும் கேளாதிருத்தல் தந்தையின் அன்பை ஐயுறுதல் ஆகும்.

பண்டை முறையில் குரு இப்பட்டையின் நடுவிலுள்ள சிலுவையை முத்தமிட்டு அணிந்து, மார்பின்மேல் குறுக்கிட்டுக் கச்சினாற் பிணிப்பர். ஆயர், மார்பில் சிலுவை அணிந்தமையின், நேரே தொங்கவிடுவர். 1969இல் திருப்பலி முறை சீர்திருத்தப்பட்டபின் இம்மன்றாட்டு கட்டாயமன்று. விரும்புவோர் இன்றும் ஓதுவர்.

இதன்மேல் அணியும் பலியுடைக்குரிய மன்றாட்டு ஆண்டவரின் இனிய நுகத்தைப் பேசும். அதன் உரை ஆண்டுக் கொள்க.